வழி சொல்லும் யந்திரம்

"இன்னும் நூறு மீட்டரில் வலது புறம் திரும்பவும்" என்று அந்தப் பெண் குரல் மிக்க மரியாதையுடன் சொல்லிற்று. வலது புறத்தில் வாழைத் தோட்டம் இருந்தது. இடது புறத்தில் குடமுருட்டி ஆறு இருந்தது. நமக்கு எதிரே என்ன இருந்தது என்பது தை மாதத்துப் பனி மூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நம் இல்லாளின் ஒன்றுவிட்ட தமக்கையின் மகளுக்கு அன்று கலியாணம். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள். தஞ்சாவூரிலிருந்து நாலரை மணிக்கே புறப்பட்டுவிட்டோம். கலியாணப் பத்திரிகையின் பின்புறத்தில் பெண் வீட்டார் ஊருக்கு வரும் வழியை ஒரு சிறு படமாகவே அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பத்திரிகை வீட்டு மேஜையின்மேல் பத்திரமாக இருந்தது! பாதி வழியில் அது நினைவுக்கு வந்தபோது, வண்டி ஓட்டிய நம் மைத்துனர், "அது எதற்கு அத்தான்? எல்லாம் இதில் இருக்கிறது" என்று கைபேசியைத் தட்டிக் காண்பித்தார். அவர் சென்னையில் உத்தியோகம் பார்ப்பவர். அந்தக் கருவி இல்லாமல் அடுத்த தெருவுக்குக்கூடப் போகமாட்டார். அய்யம்பேட்டையைத் தாண்டியதும், பெரிய சாலையை விட்டு ஆற்றங்கரை வழியே போனால் எட்டு நிமிஷம் மிச்சமாகும் என்று கருவி யோசனை சொல்லிற்று. மைத்துனர் ஒப்புக்கொண்டார்.

முதலில் தார் ரோடு; பிறகு சரளை; பிறகு வெறும் மண். வண்டி ஒன்று போனால் எதிரே ஆடுகூட வர முடியாத அகலம். "ஏண்டா, இது பாதைதானா?" என்று நம் இல்லாள் மூன்று முறை கேட்டாள். "பாதை இல்லாவிட்டால் படத்தில் எப்படி வரும், அக்கா?" என்பது பதில். வலது புறம் திரும்பச் சொன்ன குரலை நம்பி மைத்துனர் சக்கரத்தை ஒடித்தபோது, விளக்கின் வெளிச்சத்தில் ஒரு பழைய நடைபாலம் தெரிந்தது. கைப்பிடி ஒரு புறம் அறவே இல்லை. சைக்கிளும் எருமை மாடும் போவதற்காகக் கட்டியது அது. பிரேக்கை அழுத்தியபோது முன் சக்கரத்துக்கும் கரைச் சரிவுக்கும் இடையே ஒரு முழம் இருந்தால் அதிகம். பின் ஆசனத்தில் நம் மாமியாரும் குழந்தைகள் இருவரும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றை என்னவோ செய்கிறது.

அந்தச் சமயத்தில் கையில் டார்ச் விளக்குடன் ஒரு பெரியவர் வந்தார். பால் கறக்கப் போகிறவர். நம்மை ஏற இறங்கப் பார்த்து, "கலியாணத்துக்கா தம்பி? இந்த வாரத்திலே நீங்க மூணாவது வண்டி. செல்லைப் பாத்துக்கிட்டே வந்திருப்பீங்க" என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. பழகிய சலிப்புதான் இருந்தது. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. ஏறக்குறைய இரண்டு பர்லாங் தூரம் பின்னாலேயே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த முதியவர் விளக்கைக் காட்டிக்கொண்டே கூட நடந்து வந்தார். பிறகு, "நேரே போனா ஒரு அரசமரத்துப் பிள்ளையார். அங்கே இடக்கைப் பக்கம். ரேஷன் கடை வர்ற வரைக்கும் எங்கேயும் திரும்பாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். நாம் பந்தலில் நுழையும்போது கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது. நம் இல்லாள் அன்று மாலை வரையில் தம்பியுடன் பேசவில்லை.

ஆனால் நம் மாமியார் மட்டும் அந்தக் கருவியின் கட்சி. "அதைத் திட்டாதேடி. என் உயிரைக் காப்பாத்தினது அதுதான்" என்று பந்தியிலேயே சொன்னார்கள். அதுவும் வாஸ்தவம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாத அடைமழையில், சென்னையில் நள்ளிரவில், அந்த அம்மாளுக்கு மார்வலி கண்டது. மைத்துனர் அப்போதுதான் அந்தப் பேட்டைக்குக் குடிபோயிருந்தார். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்தச் சுரங்கப் பாதையை மூடியிருக்கிறார்கள் என்று கேட்பதற்குத் தெருவில் ஒரு ஜீவன் இல்லை. கருவியோ முக்கியச் சாலையில் ஓரிடத்தைச் சிவப்பாகக் காட்டி, வேறு நான்கு தெருக்கள் வழியாக நம்மை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திற்று. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் சிரமப்பட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஒரே கருவி, ஒரே குடும்பம்! ஒரு நாள் பிழைக்க வைத்தது. ஒரு நாள் ஆற்றில் தள்ளப் பார்த்தது. இது எப்படி என்று யோசிக்கப்போய், இந்த யந்திரத்துக்கு உண்மையில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று தேடிப் படிக்க நேர்ந்தது. படித்ததை நேயர்களுக்கும் சொல்கிறோம்.

வானத்திலுள்ள செயற்கைக் கோள்கள் நம் காரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். நம் வகுப்பில் பத்தாம் படிவத்துப் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். அவை நம்மைப் பார்ப்பதே இல்லை. நாம் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. அவை செய்யும் காரியம் ஒன்றுதான்: "நான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது" என்று ஓயாமல் வானொலி அலைகளில் அறிவித்துக்கொண்டே இருப்பது. பொருத்தம் பார்த்துக்கொள்வது கீழே உள்ள கைபேசியின் பொறுப்பு.

ஆற்றின் எதிர்க்கரையில் ஒருவர் துணி துவைப்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். துணி கல்லில் படுவது கண்ணுக்கு முதலில் தெரிகிறது. ஓசை சிறிது பொறுத்துக் காதுக்கு எட்டுகிறது. அந்தத் தாமதத்தை அளந்தால் ஆற்றின் அகலத்தைச் சொல்லிவிடலாம். இதே கணக்குத்தான் மேலேயும். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளைக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றுகின்றன. அங்கிருந்து கிளம்பும் அலை ஒளியின் வேகத்தில் வந்தும், கீழே எட்டுவதற்கு ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்காவது ஆகிறது. மூன்று கோள்களிலிருந்து வரும் தாமதங்களை ஒப்பிட்டால் நாம் நிற்கும் இடம் கிடைக்கும். ஆனால் கைபேசியில் உள்ள கடிகாரம் மலிவானது. அதன் பிழையைத் திருத்துவதற்கு நான்காவது கோள் ஒன்று வேண்டும்.

ஆகவே எல்லாம் கடிகாரத்தில் இருக்கிறது. ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு விந்தை உண்டு. விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பதும், பூமியின் ஈர்ப்பு குறைந்த உயரத்தில் உள்ள கடிகாரம் விரைந்து ஓடும் என்பதும் ஐன்ஸ்டீன் சொன்ன தத்துவங்கள். இரண்டையும் கூட்டிக் கழித்தால், மேலே உள்ள கடிகாரம் நாளொன்றுக்கு வினாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்துகிறது. இதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் தூரக் கணக்கு பதினோரு கிலோமீட்டர் தவறிப்போகும். கலியாணத்துக்குப் போகிறவன் மடியில் ஐன்ஸ்டீனைக் கட்டிக்கொண்டு போகிறான் என்று சொன்னால் மிகையாகாது.

இந்த யோசனை பிறந்த விதமும் சுவையானது. 1957 அக்டோபர் 4ஆம் தேதி ருஷியர் 'ஸ்புட்னிக்'கை ஏவியபோது, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இளைஞர் இருவர் அதன் கீச்சொலியை ஒட்டுக் கேட்டு, இருந்த இடத்திலிருந்தே கோளின் பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். மறு ஆண்டு அவர்களுடைய தலைவர் ஃபிராங்க் மக்ளூர், "கோள் இருக்கும் இடம் தெரிந்தால், கேட்கிறவன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே!" என்று கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார். கடலுக்கடியில் செல்லும் போர்க் கப்பல்களுக்காகத்தான் அதை முதலில் கையாண்டார்கள். ஜி.பி.எஸ். கோள்களில் முதலாவது 1978இல் மேலே சென்றது. 1983 செப்டம்பர் 1ஆம் தேதி, வழி தவறி ருஷிய எல்லைக்குள் நுழைந்த கொரியப் பிரயாணி விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் மாண்டனர். அதன் பிறகே இந்த வசதி பொது ஜனங்களுக்கும் கிடைக்கும் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். அப்படியும் 2000ஆம் ஆண்டு மே மாதம் வரையில் பிறருக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துதான் கொடுத்தார்கள். இன்று வெட்ட வெளியில் ஒரு கைபேசி தன் இடத்தை ஐந்து மீட்டர் சுமாரில் சொல்லிவிடுகிறது.

இவ்வளவும் பேஷான காரியந்தான். இதில் நாம் குறை காணவில்லை. குடமுருட்டிக் கரையில் அன்று விடியற்காலையில் நாம் எங்கே நின்றோமோ, அந்த இடத்தை வானத்துக் கோள்கள் துளியும் பிசகாமல் சொல்லின. தவறு அவற்றினுடையது அல்ல. நின்ற இடம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்வது வேறு வேலை. அந்த வேலை வரைபடத்தினுடையது. வரைபடத்தை மனிதர்களும், மேலிருந்து எடுத்த படங்களும், கணக்குப் பொறிகளும் சேர்ந்து கீழே தயாரிக்கிறார்கள். நடைபாலம் அங்கே ஒரு கோடு. நாற்கரச் சாலையும் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் 'கார் போகாது' என்று ஒருவர் குறித்து வைத்தால்தான் உண்டு.

கோடுகள் கிடைத்துவிட்டால், குறுக்கு வழி கண்டுபிடிப்பது கணிதம். 1956இல் ஹாலந்து தேசத்து எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற இளைஞர், ஆம்ஸ்டர்டாமில் தாம் மணக்க இருந்த பெண்ணுடன் கடைத் தெருவில் சுற்றிக் களைத்து, காப்பி அருந்த உட்கார்ந்த இருபது நிமிஷத்தில், காகிதமும் பென்ஸிலும் இல்லாமல், மனத்திலேயே அதற்கு ஒரு முறையைக் கண்டார். மூன்றாண்டுகள் கழித்து வெளியிட்டார். இன்றைய வழிகாட்டிகள் அந்த முறையின் சந்ததிகளே. குறுக்கு வழி கேட்டால் குறுக்கு வழி கிடைக்கும். பனியில் வழுக்குமா, பள்ளிக்கூடம் விடும் நேரமா, மேலவீதியில் தேர் நிற்கிறதா என்பவை அந்தக் கணக்கில் வருவதில்லை.

நெரிசல் தெரிகிறதே என்று கேட்கலாம். அது வேறு வகை. சாலையில் போகும் மற்றவர்களுடைய கைபேசிகள் தத்தம் இடத்தை நிறுவனத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. அவை நகராவிட்டால், 'சாலை அடைத்திருக்கிறது' என்று யந்திரம் ஊகிக்கிறது. மாமியாரைக் காப்பாற்றிய அந்தச் சிவப்புக் கோடு, நமக்கு முன்னே வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு நின்ற யாரோ சிலருடைய உபயம்! பெர்லின் நகரத்துக் கலைஞர் ஸைமன் வெக்கர்ட் என்பவர் 99 கைபேசிகளை ஒரு சிறு தள்ளுவண்டியில் போட்டுக் காலியான தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். அந்தத் தெரு முழுவதும் வரைபடத்தில் சிவப்பாயிற்று. 2020இல் அந்த வேடிக்கையை அவர் வெளியிட்டார். நாமும் சிரித்தோம். ஆனால், ஒரு தெருவில் யாருமே போகவில்லை என்பதை, 'நல்ல காலியான பாதை' என்று யந்திரம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆற்றங்கரையில் நமக்கு ஆனது அதுவே என்று நினைக்கிறோம். அந்தப் பாதையில் நெரிசல் இல்லை. ஏனென்றால் தெரிந்தவன் எவனும் அங்கே கார் ஓட்டமாட்டான்.

எல்லாருக்கும் ஒரு முழ இடைவெளி கிடைப்பதில்லை. 2023 அக்டோபர் 1ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், கேரளத்தில் எர்ணாகுளம் ஜில்லா கோதுருத்தில், கனமழையில் ஒரு கார் ஆற்றுக்குள் சென்று இளம் வைத்தியர்கள் இருவர் இறந்தார்கள். வரைபடத்தைப் பார்த்து வந்ததாகப் போலீஸார் கூறினர். 2024 நவம்பர் 24ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே, ராமகங்கை ஆற்றுப் பாலத்தில் ஏறிய கார் பாதியில் பாலம் முடிந்துபோய்க் கீழே விழுந்தது. மூவர் மாண்டனர். பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் கொண்டு போயிருந்தது. வரைபடத்தில் பாலம் முழுமையாக இருந்தது. அவர்கள் ஒரு கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வரியைப் படித்தபோது நாம் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டோம். நீலகிரியில் கூடலூரில் 2024 ஜனவரியில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்றது. அங்கே யாருக்கும் காயம் இல்லை, படம் மட்டும் ஊரெங்கும் பரவிற்று.

ராமகங்கை விஷயத்தில் பொதுப்பணித் துறை எஞ்சினியர்கள் பேரிலும் வரைபட நிறுவனத்து அதிகாரி பேரிலும் வழக்குப் பதிவாயிற்று. குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆயினும் ஒன்று சொல்வோம். இடிந்த பாலத்தின் வாயிலில் குறுக்கே ஒரு சுவர் எழுப்பியிருந்தால், வரைபடம் ஆயிரம் பொய் சொல்லியிருந்தாலும் ஒருவரும் இறந்திருக்கமாட்டார்கள். நம் கிராமங்களில் மதகு உடைந்தால் முதலில் ஓடி வருகிறவன் ஒரு முள் கிளையை வெட்டிப் பாதையின் குறுக்கே போடுவான். அது எழுதாத சட்டம். கைபேசியைத் திட்டித் தீர்ப்பதால் ரோடு இலாகாவின் கடமை தீர்ந்துவிடாது. யந்திரம் வந்த பிறகு அந்தக் கடமை கூடியிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். முன்பெல்லாம் உள்ளூர்க்காரன் மட்டுமே வந்த பாதையில் இப்போது அயலூர்க்காரனும் நள்ளிரவில் வருகிறான். அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில் லியோனியா என்ற சிற்றூர், வழிகாட்டிகள் அனுப்பி வைத்த வண்டிக் கூட்டத்தைத் தாங்க மாட்டாமல், 2018இல் தன் சிறு தெருக்களைக் காலையிலும் மாலையிலும் வெளியாருக்கு அடைத்தேவிட்டது!

இனி, நம் தொழிலைச் சார்ந்த கவலை ஒன்று. லண்டன் நகரத்து டாக்ஸிக்காரர்கள் லைஸென்ஸ் பெறுவதற்கு, சாரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவில் உள்ள ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை கொடுக்க வேண்டும். 1865 முதல் உள்ள வழக்கம். தேறுவதற்கு மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். 2025 ஜனவரியில் காலமான எலினார் மாக்வயர் என்ற அம்மையார் அவர்களுடைய மூளையைப் படமெடுத்து, வழியை நினைவில் வைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' என்ற உறுப்பின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே லண்டனில் 2017இல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில், தாமாகவே வழி தேடுகிறவர்களுடைய ஹிப்போகாம்பஸ் புதுத் தெருவில் நுழையும்போதெல்லாம் சுறுசுறுப்படைந்தது. கருவி சொன்னபடி நடந்தவர்களுக்கு அது சும்மா இருந்தது. கானடாவில் மான்ட்ரியல் ஆராய்ச்சியாளர் 2020இல் வெளியிட்டதில், கருவியை அதிகம் நம்பியவர்களுக்குத் தாமே வழி காணும் நினைவாற்றல் குறைந்திருந்தது. மூன்று ஆண்டுக்குப் பின் மறுபடி சோதித்த சிலரில், அதிகம் உபயோகித்தவர்களுக்கே அதிகக் குறைவு. அந்தச் சோதனைக்கு உட்பட்டவர்கள் சொற்பம். அதனால் பறை அறைந்து சொல்லிவிட முடியாது.

ஆனால் வகுப்பறையில் நாம் காண்பது என்ன? பள்ளிக்கூடத்திலிருந்து ரயில்வே ஸ்டேஷன் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால், பஸ்ஸில் வரும் பிள்ளைகளில் பலர் விழிக்கிறார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் கையை நீட்டிக் காட்டுகிறார்கள். சாலை ஓரத்து மைல் கல்லின் தலை மஞ்சளானால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையானால் மாநில நெடுஞ்சாலை என்பதை நாம் சொன்னபோது அது அவர்களுக்குப் பெரும் புதுமையாக இருந்தது. கல் அங்கேதான் இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் காரணம் இல்லாமல் போயிற்று.

வேறு விதமாகவும் யோசித்துப் பார்க்க வேண்டும். வழி கேட்பது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது என்று யார் சொன்னது? இருட்டிய பிறகு தனியே வண்டி ஓட்டி வரும் ஒரு பெண்மணி, அறியாத ஊரில் டீக்கடை வாசலில் நிறுத்தி நாலு பேரிடம் வழி கேட்க வேண்டியிருந்த காலம் பொற்காலம் அல்ல. நம் தமக்கை மகள் ஒருத்தி வேலை நிமித்தம் கிருஷ்ணகிரியிலிருந்து ஹொசூர் வரையில் தனியே கார் ஓட்டிச் செல்கிறாள். இந்தக் கருவி இல்லாவிட்டால் அப்பா அனுமதித்திருக்கமாட்டார் என்று அவளே சொன்னாள். பாஷை தெரியாத ஊரில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்க வந்த இளைஞனுக்கும் இதுவே சோறு போடுகிறது. லண்டன்காரர் நான்கு வருஷம் படித்ததை இவன் முதல் நாளே சட்டைப் பையில் வைத்திருக்கிறான். இந்த லாபத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பலர் அறியவில்லை. வண்டி ஓட்டும்போது கைபேசியில் பேசுவது குற்றம். 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த விதித் திருத்தப்படி, வழி காண்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் சிதறாத வகையில், அதை வைத்துக்கொள்ளலாம். சிதறாத வகை என்றால் என்ன? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. திரையை இரண்டு வினாடி பார்த்தால் முப்பத்து மூன்று மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஆகவே போகுமிடத்தைக் குறிப்பதெல்லாம் வண்டி கிளம்புவதற்கு முன். கிளம்பிய பிறகு காதால் கேட்பது மட்டுமே. மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறவர்களை நாம் தினமும் காண்கிறோம்.

இத்தனை பேச்சிலும் நம் நாட்டைப் பற்றிச் சொல்லவில்லையே என்று நேயர்கள் கேட்கக்கூடும். அமெரிக்க ராணுவத்தின் கைவசம் உள்ள கோள்களை நம்பி ஒரு தேசம் எத்தனை நாள் இருக்கலாம்? பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 2013 ஜூலையில் நம்முடைய முதல் வழிகாட்டிக் கோள் கிளம்பிற்று. 2016 ஏப்ரலில் ஏழாவது. 'நாவிக்' என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவையும் அதன் எல்லைக்கு அப்பால் 1,500 கிலோமீட்டரையும் தழுவுவதற்கென்று அமைத்தது அது. ஆனால் முதல் கோளிலிருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் நின்றுபோயின. அவை வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. பதிலுக்கு 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள் ராக்கெட்டின் மூடி திறக்காமல் வீணாயிற்று. நம்மவர்களே செய்த ருபிடியம் அணுக் கடிகாரத்தைச் சுமந்து 2023 மே 29ஆம் தேதி ஒரு கோள் சென்றது. 2025 ஜனவரியில், ஸ்ரீஹரிக்கோட்டாவின் நூறாவது ஏவலில் சென்ற அடுத்த கோளோ உரிய பாதையை எட்டவில்லை. வெற்றியைக் கொண்டாடுவது போலவே இந்தத் தோல்விகளையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஒரு கடிகாரம் செய்வது எவ்வளவு பெரிய வித்தை என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிகிறது.

கலியாணத்தன்று மாலையில், நம் இல்லாளின் மௌனத்தைத் தாங்க முடியாமல், மைத்துனர் வரைபட நிறுவனத்துக்கு அந்த நடைபாலத்தைப் பற்றி எழுதிப் போட்டார். கைபேசியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 'நன்றி, பரிசீலிக்கிறோம்' என்று உடனே பதில் வந்தது. அது முதல் நம் வீட்டில் ஓர் ஏற்பாடு. புது ஊருக்குப் போவதானால் முதல் நாளே அங்குள்ளவர்களை அழைத்து, கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும் வழியைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்கிறோம். அது வரையில் குரல். அதற்குப் பிறகு காகிதம். காகிதத்தைப் படிப்பது நம் மூத்த பெண்ணின் வேலை. பன்னிரண்டு வயதாகிறது. வடக்கு எது என்று இப்போது அவள் நம்மைக் கேட்பதில்லை.

பங்குனியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க மறுபடி அந்த ஊருக்குப் போக நேர்ந்தது. அய்யம்பேட்டை தாண்டியதும் குரல் பழையபடி ஆற்றங்கரையைக் காட்டிற்று. மாமியார்கூட இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. நாம் பெரிய சாலையிலேயே சென்று அரசமரத்துப் பிள்ளையாரிடம் திரும்பினோம். அந்தப் பெரியவரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று, மாலையில் ஆற்றங்கரை வரையில் நடந்து போனோம். அவர் அகப்படவில்லை. ஆனால் பாதை பிரியும் இடத்தில் குறுக்கே இரண்டு மூங்கில்கள் நட்டு, கருவேல முள் வைத்து, மேலே ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்திய தகரத்தில், குழந்தைக் கையெழுத்தில், 'பாலம் குருகல். கார் போகாது. கலியாணத்துக்கு நேரே போகவும்' என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது. கலியாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. 'குறுகல்' என்பதற்கு இடையின ரகரம் போட்டிருந்தது. உபாத்தியாயர் கை அல்லவா, துறுதுறுத்தது. திருத்தாமல் வந்துவிட்டோம்.